ஸ்டெல்லாவுக்கு வறுத்த மீன்

எடை குறையாவிட்டால் சர்க்கரைக்கு மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லவே, எங்கள் ஊரான பத்துபஸ்தியில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவோடு நடக்கத் தொடங்கினேன். முதலில் இருவருக்குமே இறங்கியது. பிறகு எனக்கு மட்டும் நின்றுபோனது. சோற்றைப் பாதியாக்கினேன், ம்ஹூம். அவளோ சல்வாரையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில், அவளுக்குப் பிடித்த சூரை மீனைத் தேங்காயெண்ணெயில் வறுத்து அடிக்கடி கொடுத்தனுப்பினேன். தின்று ஊதட்டுமே!

ஒருநாள் நான் வறுக்கும்போதே வந்து நின்றாள்.

"அரே பாப்ரே! எத்தனை துண்டு வாயில போடுவீங்க, அக்கா?"

"உப்பு பார்க்கிறேன்டி."

"உப்பு பார்த்தே தட்டு பாதியாயிருச்சு! அப்புறம் எடை எப்படி எறங்கும்? நீங்க அனுப்புறதை எங்க வீட்டுக்காரருல்ல திங்கிறாரு. நான் குழம்பு மீனோட சரி."

அடுப்பை அணைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து என்னை மேட்டு ரோட்டில் நடக்கக் கூட்டிப்போனாள். எடை மெல்ல இறங்கத் தொடங்கியது.

இன்றும் அவள் முன்னால் விறுவிறுவென்று ஏறினால் எனக்கு எரியத்தான் செய்கிறது. ஆனால் வளைவில் எனக்காக நிற்பாள். அந்த மீனை ஏன் அனுப்பினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அவளுடைய இடுப்பைவிட அந்த மனசின் மேல்தான் எனக்குப் பொறாமை.