கண்காட்சிக்கு வந்த ஆடு

எங்கள் முன்பள்ளி பண்டத்தரிப்பில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தச் செம்மண் கைவேலைக்கு ஆகாது, உருட்ட உருட்ட உதிரும். அதனால் குளத்திலிருந்து களிமண் எடுப்பித்து, கல் பொறுக்கி, ஈரச் சாக்கால் மூடி வைப்பேன். பிள்ளைகளோடு எனக்குப் பொறுமை உண்டு. பெற்றோரோடு அது துளியும் இல்லை.

என் வகுப்பில் ஒரு சின்னப்பெண் எதையும் தொடமாட்டாள். வண்ணக் கட்டி கொடுத்தாலும் பேசாமல் நிற்பாள். ஒரு தவணை முழுக்கக் கெஞ்சிப் பார்த்தேன், விட்டும் பார்த்தேன். பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி நெருங்கிய ஒருநாள் தானாகவே வந்து குந்தி, களிமண்ணில் ஓர் ஆடு செய்தாள். அதற்கு ஐந்து கால்.

“ஏன் பிள்ளை அஞ்சு கால்?”

“நாலு காலிலை விழுது ரீச்சர். அதுதான் ஒண்டு முட்டுக் குடுத்தனான்.”

அப்பாடா, இனி இவள் கைவைத்துச் செய்வாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றாள். சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, கண்காட்சிக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

கண்காட்சியன்று தாய் கொண்டுவந்தது வேறு ஆடு. நாலு கால், வளைந்த கொம்பு, பூசிய வெள்ளை நிறம், கழுத்தில் ஒரு மணிகூட.

“பிள்ளை செய்தது எங்கை?” என்று கேட்டேன்.

“உப்பிடி ஒண்டை எப்பிடி ரீச்சர் சனத்துக்கு முன்னாலை வைக்கிறது? சிரிப்பினம். அதை எறிஞ்சிட்டன். இது நான் யூடியூப்பிலை பாத்துச் செய்தது.”

“கண்காட்சி உங்களுக்கோ, பிள்ளைக்கோ?”

“பிள்ளைக்குத்தானே ரீச்சர்.”

நல்ல மனுசி, பிள்ளையில் உயிர். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டவள் என்றால் இரண்டு வார்த்தை ஏசிவிட்டு ஆறியிருக்கலாம்.

வந்தவர்கள் எல்லோரும் அந்த ஆட்டைத்தான் படம் எடுத்தார்கள். சிறுமியைப் பக்கத்தில் நிறுத்தி, “என்ன வடிவாச் செய்திருக்கிறாய்” என்றார்கள். அவள் ஓம் என்று தலையாட்டினாள். விருந்தினராக வந்தவர் பரிசையும் அதற்கே கொடுத்தார். நானும் கைதட்டினேன், வேறென்ன செய்ய.

திங்கட்கிழமை ஆளுக்கொரு களிமண் உருண்டை கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. கவனமாக எடுத்துத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“ஏன் பிள்ளை மூடுறாய்?”

“அம்மாட்டைக் குடுக்கப்போறன் ரீச்சர். அவதான் வடிவாச் செய்வா.”

அவள் முகத்தில் வருத்தம் என்று ஒன்றுமே இல்லை. அவள் மூடியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பிள்ளையும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தது.