இலாரியோ போட்ட கோடு

தரையில் போட்ட கோட்டுக்கும் வெங்காயக் குவியலுக்கும் நடுவே கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறார் இலாரியோ. ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லை. குந்தியபடியே நான்கு வெங்காயத்தைப் பொறுக்கித் தம் சாக்கில் போட்டுக்கொள்கிறார்.

"நாலும் சங்கத்துக்குச் சேர்ந்தாச்சு, தாயி."

"அதுவா உருண்டுச்சு அய்யா. நான் என்ன செய்ய?" என்கிறாள் வெங்காயக்காரி செவெரினா.

"உருளாத மாதிரி அடுக்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எல் ஆல்ட்டோ நகரத்தின் இந்த வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவர் வியாபாரிகள் சங்கத்தின் ஒழுங்குச் செயலாளர். விடிவதற்குள் வந்து, வரிசை நெடுகச் சாக்பீஸால் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்கு வெளியே மினிபஸ்களின் ராஜ்யம். தலையில் தூசி தட்டிய தொப்பி, மார்பின் குறுக்கே பதவிக்கு அடையாளமாகப் பின்னல் சாட்டை. அதை அவர் வீசி யாரும் பார்த்ததில்லை. அவர் இருமினாலே போதும், உருளைக்கிழங்கு மூட்டைகள் உள்ளே நகர்ந்துவிடும்.

இந்தப் புலி வீட்டுக்குப் போனால் என்ன ஆகிறது என்பதை அவர் மனைவி பெலிசாவிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த மகள் வாய்ராவுக்கு இரண்டரை வயது. அவள் தொப்பியில் சூப்பை ஊற்றினாள், தொப்பியைக் காயப்போட்டார். சாட்டையைக் கடித்துக் குதறினாள். "பல்லு முளைக்குது பாவம்" என்றார். கேட்டால் பதில் தயாராக இருந்தது: "முதல் முடி வெட்டுற சடங்கு ஆகட்டும். அதுவரைக்கும் அது பச்சப்புள்ள. அதட்டப்படாது."

போன ஞாயிற்றுக்கிழமை சடங்கும் ஆயிற்று. ஞானத்தந்தை முதல் கொத்தை வெட்ட, சொந்தபந்தம் மீதியை வெட்ட, எல்லோரும் பீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

"முடி போயிருச்சு. இனிமே எதைச் சொல்லித் தப்பிப்பீங்க?" என்றாள் பெலிசா.

மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாக்பீஸை எடுத்து அடுப்பைச் சுற்றிக் கோடு போட்டார். "இதைத் தாண்டக்கூடாது, கண்ணு." வாய்ரா கோட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒரு காலை உள்ளே வைத்தாள். "கூடாது" என்றார். "கூடாது" என்று அவளும் தலையாட்டிவிட்டு இன்னொரு காலையும் வைத்தாள். இலாரியோ தீர யோசித்து, அடுப்பை ஒரு முழம் தள்ளி வைத்தார். பெலிசா அன்றிலிருந்து சுவரில் முட்டிக்கொண்டு சமைக்கிறாள்.

இதோடு விட்டிருந்தால் மானம் பிழைத்திருக்கும். இன்று பெலிசா சந்தையில் இருக்கும் தன் கடைக்குக் குழந்தையையும் தூக்கி வந்தாள். அடுப்புக் கதை வரிசை முழுக்கப் பரவிச் சிரிப்பாகிவிட்டது. அதைத் தாங்க முடியாமல் எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார்: "இன்னைலேர்ந்து எம் பொண்ணும் கோட்டுக்கு உள்ளதான்."

"தாண்டிட்டா?" என்றாள் செவெரினா. "நாளைக்கு உங்க கோட்டை யாரு மதிப்பா?"

"தாண்ட மாட்டா. தாண்டினா உன் வெங்காயத்தை நானே திருப்பித் தரேன்."

வாய்ரா அவர் கழற்றி வைத்திருந்த சாட்டையின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு நடந்து வந்தாள். கோட்டை நிதானமாகத் தாண்டினாள். தெருவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்து நின்றது. வரிசையே வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

இலாரியோ ஓடிப்போய் எதிரே குந்தினார். "உள்ள வாடி தங்கம்."

"ம்ஹும்."

"அப்பா சொல்றேன்ல? எல்லாரும் பாக்குறாங்கடி."

கையைப் பிடித்தார். அவள் உடம்பைத் துணிபோலத் தொய்யவிட்டு, கீழுதட்டைப் பிதுக்கினாள். அந்த உதட்டுக்கு முன்னால் எந்தச் செயலாளர் நின்றிருக்கிறார்? கையை விட்டுவிட்டார். டிரைவரிடம் சுற்றிப் போகும்படி சைகை காட்டினார். பிறகு பழைய கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்து, காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, மகளைச் சுற்றி வளைத்துப் புதுக் கோடு போட்டார்.

"பாத்துக்குங்க, உள்ளதான் இருக்கா" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

செவெரினா எழுந்து வந்தாள். அவரைப் போலவே குந்தி, புதுக் கோட்டுக்கும் வாய்ராவின் செருப்புக்கும் நடுவே தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. வெங்காயத்துக்காகக் கையை நீட்டினாள்.