இரண்டு முடிச்சுப் பச்சை

சுவருக்கு அந்தப் பக்கம் பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக ஓடிய சத்தம் சட்டென்று தணிந்து மறுபடி எழுந்தது. அடுக்களையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்தத் தணிவின் அர்த்தம் தெரியும். கணவர் கார்த் தகட்டின் விளிம்புக்கு வந்துவிட்டார். விளிம்பில் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் பெயின்ட் தேய்ந்து தகரம் பல்லைக் காட்டும். அந்த இடம் வந்தால் மூச்சைக்கூட மெல்ல விடுகிற மனிதர் அவர்.

மகளின் பிரசவத்துக்குப் போனவள் மூன்று வாரம் கழித்து அன்று விடியற்காலையில்தான் திரும்பியிருந்தாள். பெட்டியை இன்னும் திறக்கவில்லை. பத்து மணிக்கு நாத்தனார், கணவரின் அக்கா, காரைப் பார்க்க வருகிறார்.

கணவரைத் தெருவில் எல்லோரும் தராசுக்காரர் என்பார்கள். கடைத் தராசுகளைப் பழுதுபார்த்தே முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு கார்க் கதவைத் தடவி, "இங்கே ஒரு மேடு இருக்கு" என்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இருக்கும். அப்படிப்பட்ட விரல்களைக் கொடுத்த கடவுள் கண்ணில் மட்டும் கஞ்சத்தனம் செய்துவிட்டார். பச்சையும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான்.

கல்யாணமான இரண்டாவது மாதமே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பழுப்புச் சட்டைக்குப் பச்சை நூலில் பொத்தான் தைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அவள் பாராட்டினாள். மறுநாளே பச்சைச் சட்டைகளின் காலருக்குள் நூலால் இரண்டு முடிச்சும், பழுப்புச் சட்டைகளில் ஒரு முடிச்சும் போட்டு வைத்தாள். அவர் காலரைத் தடவிப் பார்த்துச் சட்டை எடுக்க ஆரம்பித்தார். முடிச்சு எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடம் இப்படியே போய்விட்டது.

ஏன் இந்த மௌனம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு ரயில். இருபது வயதில் அவருக்கு ரயில் ஓட்டும் வேலை கிடைப்பதாக இருந்தது. கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "உங்களையெல்லாம் விட்டுட்டுப் போக மனசு வரல" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். அக்கா அழுது தீர்த்தார். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம், பாசத்துக்காக அரசாங்க வேலையை உதறிய தம்பி என்று அக்கா பெருமை பேசிவந்தார். அந்தப் பெருமையை எப்படி உடைப்பது?

கார், அக்காவின் கணவர் ஓட்டியது. உடம்பெல்லாம் ஆழ்ந்த பச்சை. கதவுகளுக்குக் கீழே மட்டும் ஒரு பழுப்புப் பட்டை. அவர் இறந்தபின் எட்டு வருடம் நின்ற இடத்திலேயே நின்று துருப்பிடித்தது. பழைய கார் சேர்க்கிற ஒருவருக்கு விற்றுவிடலாம் என்று அக்காவின் மகன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். அக்கா தம்பியிடம் வந்து சொன்னார்: "பழையபடி ஆக்கிக் காட்டு. கார் உனக்கு. முடியலைன்னா அவன் சொல்ற ஆளுக்கே போகட்டும்."

ஷெட்டைச் சுற்றிப் போர்வைகள் தொங்கவிட்டு, தூசி அடங்கத் தரையை நனைத்து, கதவின் அடியில் ஈரச்சாக்கைச் செருகி வேலையைத் தொடங்கினார். பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அதே பச்சையைக் கடையில் கலந்து வாங்கி வந்தவள் அவள்தான். கூடவே ஒரு டப்பா பழுப்பு. பச்சை டப்பாவின் கைப்பிடியில் இரண்டு முடிச்சு, பழுப்பில் ஒன்று. பானெட் தவிரக் கார் முழுவதும் அடித்தாகிவிட்டது. அதில் இன்னும் பள்ளம் அடைக்கும் பட்டி வேலை பாக்கி இருந்தது. அதற்குள் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாக போன் வந்தது. அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

தேநீரோடு ஷெட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கார் பச்சையாக இருந்தது. பானெட் பழுப்பாக இருந்தது. அதுவும் எப்படிப்பட்ட பழுப்பு! கூரையின் ஓடுகளை அதில் எண்ணலாம். நான்கு நாள் பாலிஷ் கம்பவுண்ட் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. பாவி மனிதர், தப்பைக்கூட எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

அவள் பார்வை டப்பாக்களுக்குப் போனது. இரண்டின் கைப்பிடிகளும் பளிச்சென்று இருந்தன. நூல் இல்லை.

"எல்லாம் ஒரே பிசுக்கு. தின்னர் போட்டுத் துடைச்சேன்" என்றார் அவர், மெஷினைப் பார்த்தபடி.

நூல் அந்தத் துணியோடு போயிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் முப்பத்தொரு வருட மௌனம் உடைந்திருக்கும். அதனால் கேட்காமல், குருட்டாம்போக்கில் ஒரு டப்பாவைத் திறந்திருக்கிறார்.

"சரியாத்தானே இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்குங்க."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு போர்வையை இழுத்துப் பானெட்டை மூடினாள். அக்காவுக்கு எழுபது வயது. குரலுக்கு மட்டும் முப்பது. வந்ததும் வராததுமாகப் பேத்தி யார் ஜாடை என்று விசாரித்தார். மூக்கு தராசுக்காரர் மாதிரி என்றதும், பாவம் குழந்தை என்றார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைத் தடவினார். இறந்துபோன தன் கணவர் எப்போதும் முழங்கையை வைத்துக்கொள்ளும் ஜன்னல் ஓரத்தில் அவர் கை நின்றுவிட்டது. கண்களைத் துடைத்துக்கொண்டு போர்வையைக் காட்டினார்.

"இது எதுக்கு? குளிருதா அதுக்கு?"

"கண்ணு பட்டுடும் அண்ணி..."

"என் கண்ணா? எடு."

போர்வை விலகியது. அக்காவின் பார்வை பானெட்டிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து பானெட்டுக்கும் போனது. அவளுக்கு எங்கிருந்துதான் வார்த்தை வந்ததோ.

"என் மேலதான் தப்பு அண்ணி. நான்தான் டப்பாவை மாத்தி எடுத்துக் கொடுத்துட்டேன்."

அக்கா நிதானமாகத் திரும்பினார். "நீ இன்னிக்குக் காலையிலதானேம்மா வந்தே?"

தராசுக்காரர் பானெட்டில் கையை வைத்தார். எடைபோடுவதுபோல அங்கேயே வைத்திருந்தார். தப்பு எங்கே என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"அவ பொய் சொல்றா அக்கா. நான்தான். எது பச்சை எது பழுப்புன்னு எனக்குத் தெரியாது. என்னைக்குமே தெரிஞ்சதில்ல." பானெட்டிலிருந்து கையை எடுத்தார். "அந்த ரயில் வேலையையும் நான் விடல. அவங்கதான் என்னை வேண்டாம்னாங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தைந்து வருடப் பெருமை தன் காலடியில் கிடப்பதாக நினைத்திருப்பார். மனைவி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அக்கா பானெட்டின் மேல் குனிந்தார். அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"நான் எட்டாவது படிக்கும்போது எனக்கு ரிப்பன் வாங்கிட்டு வந்தே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பச்சை ரிப்பன்."

"ஒண்ணு பச்சை, ஒண்ணு பழுப்பு. வருஷம் பூரா ஒரு ஜடைக்கு ஒண்ணா கட்டிட்டுப் போனேன். வாத்தியார் கேட்டார், கூடப் படிச்சவங்க சிரிச்சாங்க. உன்கிட்ட சொன்னேனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ ரயில்?" என்றார் மெதுவாக.

"நீ ஓட்டாததால எத்தனை பேர் உயிரோட இருக்காங்களோ. அதுக்கும் சேர்த்துத்தான்டா பெருமைப்பட்டேன்."

முதலில் சிரித்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அழுதது மூவரும்தான்.

உங்கள் மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மனைவி கவலைப்பட்டாள். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தக் கார் சேர்க்கிற ஆள் பழைய நிறம் மாறாம இருக்கணும்னு கேக்கறவன். உடம்பு ஒரு நிறம், மூஞ்சி ஒரு நிறம். இதை எவன் வாங்குவான்? உன் தலையிலயே கட்டிட்டேன்னு சொல்லிடறேன். பானெட்டை மட்டும் மாத்தி அடிச்சிடாதே, அப்புறம் அவன் வந்து நிப்பான்."

வாசல்வரை இருவரும் கூடவே போனார்கள். படியிறங்கும் முன் அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, இத்தனை வருடம் எப்படிச் சமாளித்தாய் என்று காதோடு கேட்டார். அவள் கணவரின் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினாள். அக்கா அந்த இரண்டு முடிச்சுகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். தராசுக்காரர் குனிந்து, பழக்கதோஷத்தில், அதன் அடியில் ஈரச்சாக்கைச் செருகினார்.