அண்ணன் பார்த்த வண்டி

வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, திரைச்சீலை தைத்து, கம்பியோடு மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். கர்ட்டன் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். மடக்கு ஏணி, துளைபோடும் மெஷின், ஆள் உயரத்தைத் தாண்டும் கம்பிகள், துணி மூட்டை என்று எல்லாவற்றையும் வாடகை வண்டியில் ஏற்றி இறக்கியே இடுப்பு விட்டுப்போயிருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். கார்தான் அமையவில்லை.

எதுவானாலும் அண்ணனைக் கேட்டுத்தான் செய்வாள். அப்பா போன பிறகு அந்த இடத்தில் அவனை வைத்திருந்தாள். துறைமுக நகரத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் மேலாளர் அவன். அவளுக்கு நாற்பது தாண்டிய பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"பாப்பா, உனக்கு ஹைப்ரிட் கார்தான் சரி. நெரிசல்ல நின்னு நின்னு போற ஆளு நீ. நிக்கிறப்ப இன்ஜின் தானா அணைஞ்சிடும், மெதுவா போறப்ப பேட்டரியில ஓடும். இங்க எனக்குத் தெரிஞ்ச கடையில ஒண்ணு வந்திருக்கு. நானே ஓட்டிப் பாத்துட்டேன். வெண்ணெய் மாதிரி போகுது."

போனில் படங்கள் வந்தன. வெள்ளி நிறக் கார். பின்சீட்டை மடக்கினால் கம்பிகள் நீட்டிப் படுக்கும். அவளுக்கு அது போதும்.

"ஒருநாள் லீவு போட்டுட்டு நேர்ல போய்ப் பாத்துடுவோமே" என்றார் கணவர்.

"அண்ணன் பாத்துட்டான்ல. மறுபடி நாம போனா அவனை நம்பலைன்னு ஆகாதா?"

"நான் வண்டியைத்தான் பாக்கலாம்னேன். உங்க அண்ணனை இல்ல."

அந்தப் பேச்சுக்கு அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். பணத்தையும் அனுப்பிவிட்டாள்.

லாரியில் ஏறி வந்து இறங்கியது கார். பத்திரமெல்லாம் பழைய கார் விற்கும் கடையின் பெயரில் இருந்து அவள் பெயருக்கு மாறியிருந்தது. உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. கண்ணாடிகளை ஒருநாள் திறந்து போட்டதும் அது குறைந்து, அடியில் வேறொரு வாடை வந்தது. காயாத துணியின் வாடை. துணியோடு புழங்குகிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. கார் நத்தையாக ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தித் தள்ளினார்கள்.

மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றினார். பேட்டரிப் பெட்டியைச் சுற்றிக் காய்ந்த சேறு. இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது.

"வெள்ளத்துல நின்ன வண்டிம்மா இது. எச்சரிக்கை விளக்கு எரிய எரிய, கோளாறைச் சரிபண்ணாம மெஷினை மாட்டி விளக்கை மட்டும் அணைச்சு விட்டிருக்காங்க. வாங்கறதுக்கு முன்னாடி யாரும் பாக்கலையா?"

"எங்கண்ணன் பாத்தான்."

மெக்கானிக் சீட்டைத் திரும்ப மாட்டத் தொடங்கினார். அப்போதுகூட அவளுக்கு அண்ணன்மீது பரிதாபம்தான் வந்தது. பாவம், அவனையும் எவனோ ஏமாற்றிவிட்டானே. நேரே சொன்னால் மனசு கஷ்டப்படுவான் என்று, பக்குவமாகச் சொல்லிவைக்க அண்ணிக்குப் போன் போட்டாள்.

"விளக்கு மறுபடி எரியுதா?" என்றாள் அண்ணி, இவள் கார் என்று ஆரம்பித்ததுமே. "எங்க தெருவுல தண்ணி ஏறினப்பவே போனதுதான் அது. அப்பவே சொன்னேன், பாப்பாவுக்குத் தராதீங்கன்னு. அவளே ஆசைப்படறா, எல்லாம் சொல்லித்தான் தரேன்னாரே…"

"உங்க வண்டியா அண்ணி?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி.

அவள் கடைசியாக அண்ணன் வீட்டுக்குப் போய்வந்த பிறகு அவன் வாங்கிய கார் அது. பழைய கார் கடைக்கு ஒரு கைமாற்றி, அவர்கள் வழியாகத் தங்கை தலையில் கட்டியிருக்கிறான். அன்று மாட்ட வேண்டிய திரையைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

அடுத்த மாதம் கம்பெனி வேலையாக அண்ணன் வந்தான். மெக்கானிக் அப்போதைக்கு ஒப்பேற்றிக் கொடுத்திருந்த அந்தக் காரையே ரயில் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவன் காரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"வண்டி பரவாயில்லாம ஓடுதே பாப்பா."

ஒரு மருந்துக்கடை முன்னால் ஓரமாக நிறுத்தினாள்.

"அண்ணி சொல்லிட்டாங்கண்ணா."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் மறுப்பான், அண்ணிமேல் பழியைப் போடுவான் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவன் அதைச் செய்யவில்லை.

"நான் என்ன பண்ணட்டும்? நின்னே கிடந்துச்சு. வெளியாளுக்குக் குடுத்தா நாளைக்கு வாசல்ல வந்து நின்னு சண்டை போடுவான்."

"நான் போட மாட்டேன்னா?"

அவன் மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினான். எதிரே கடைக்காரர் யாருக்கோ மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இத்தனை வருஷம் தன்னைப் பாசக்காரி என்று அவன் நினைத்திருப்பதாக நம்பியிருந்தாள். சத்தம் போடத் தெரியாதவள் என்றுதான் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"நீ சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேண்ணா. ரிப்பேர் பண்ணி ஓட்டியிருப்பேன்" என்றாள். அது பொய்யில்லை.

விடுதி வாசலில் அவனை இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை.

இன்னொரு காரிலிருந்து கழற்றிய பேட்டரியை மெக்கானிக் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். இந்த முறை அவளே பக்கத்தில் நின்று பார்த்தாள். கார் இப்போது மேம்பாலம் ஏறுகிறது. அண்ணன் போன் செய்தால் எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்கிறாள், வேறென்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள்.

அது அண்ணனின் கார்தான் என்று கணவரிடம் மட்டும் அவள் சொல்லவே இல்லை. அண்ணனுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதையைத் தன் வாயால் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவர் இன்றும் பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்தப் பழைய கார் கடைக்காரனைத்தான் திட்டுகிறார். அவள் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.