பயணம் சொல்லிய பின்

மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஊதியமின்றி இரண்டாண்டு எழுத்தறிவிக்க இசைந்திருந்தேன். வெள்ளவத்தையில் தனியே குடியிருந்த அறையை விட்டுப் புறப்படுமுன், அயலார் அனைவரிடமும் முறைப்படி பயணம் சொல்லி விடைபெற்றேன். பக்கத்து வீட்டுப் பரமேசுவரி அக்கா பொரிவிளாங்காய் உருண்டைகள் கட்டித் தந்து கண்கலங்கினார்.

துறைமுகத்திலோ, கப்பல் ஐந்து நாள் பிந்தும் என்றனர். பயணம் சொன்னவன் திரும்பிவந்து அயலார் முகத்தில் விழிப்பது ஆகாது என்று எண்ணி, பின்வழியால் அறைக்குட் புகுந்து சன்னலையும் சாத்திக்கொண்டேன். அக்கா தந்த பொரிவிளாங்காயே உணவு.

பயணத்துக்கென்று நோய்த்தடுப்பாகக் குத்திக்கொண்ட அம்மைப்பால் கையை வீங்கச் செய்து கடுங்காய்ச்சலாக மூண்டது. மூன்றாம் நாள் குடத்தில் நீர் இல்லை. எழுவதற்கு வலுவும் இல்லை. சுவருக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது:

"மாஸ்டர் இப்ப நடுக்கடலில நிப்பார், பாவம்."

அப்போதும் வெட்கம் என் வாயை அடைத்தது. நெடுநேரம் கழிந்த பின்னரே, வெறுஞ்செம்பால் சுவரைத் தட்டினேன்.

பின்கதவைத் தள்ளி வந்த அக்கா திகைத்தார். "ஐயோ மாஸ்டர், இதுவோ உங்கட மலாயா?" என்றவர், கஞ்சி பருக்கும்போது கடிந்துகொண்டார். "பயணம் சொன்னாப்போல நாங்கள் உங்களைத் தலைமுழுகிப்போட்டமோ? கூப்பிட்டா என்ன?"

அந்தக் கப்பல் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. அடுத்ததில் மலாயா வந்து சேர்ந்தேன். இங்கும் தனியறைதான். ஆயினும், சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும், காலையில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டே பள்ளிக்குப் போகிறேன்.