வலிக்காத கால்

நாங்கள் கிரிவல மலைக்குப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் வசிக்கிறோம். என் கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். ஆனாலும் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு கிரிவலம் போவார்.

ஆசிரமப் பக்கம் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தார். மனதில் படிந்த பழைய பதிவுகளை எதிரான எண்ணத்தால் மாற்றலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். "நான் இந்த உடம்பு இல்லை" என்று சொல்லியபடியே மலை சுற்றத் தொடங்கினார். சில மாதங்களில், "இப்பல்லாம் கல்லு குத்துறதே தெரியலடி. மனசு மாறிடுச்சு" என்றார். எனக்கும் பெருமைதான். அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் வீடு பெருக்கும்போது தரையெல்லாம் ரத்தத் தடம். அவர் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு புதைந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. டாக்டரிடம் யோகாவைப் பற்றிச் சொன்னோம். "மனசு மாறலைங்க. சர்க்கரை ஜாஸ்தியாகி நரம்பு மரத்துப்போச்சு" என்றார். சீழ் பிடித்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இனி செருப்பில்லாமல் நடக்கவே கூடாதாம். செருப்போடு மலை சுற்றினால் பாவம் என்று ஊறிப்போன மனம் லேசில் மாறுமா? இப்போது நானும் கூடப் போகிறேன். கிளம்பும் இடத்தில் அவர் கை தானாகச் செருப்பைக் கழற்றப் போகும். "சாமி ஒண்ணும் நினைக்காதுங்க, போட்டுக்கோங்க" என்பேன். கண்கலங்கிப் போட்டுக்கொள்வார்.

தினமும் அவர் பாதங்களை மடியில் வைத்து அழுத்திப் பார்த்து, "தெரியுதாங்க?" என்று கேட்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கிரிவலப் பாதையில் யாராவது கால் வலிக்கிறதென்று உட்கார்ந்தால், எனக்குப் பொறாமையாக இருக்கிறது.