காற்றையும் சேர்த்து இருபத்து நான்கு லிட்டர்

ஸ்கூடாயில் எங்கள் வீட்டுக் கூரைத் தொட்டி மாடிக் குளியலறைக்கு நேர் மேலே, கொஞ்ச உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் அங்கே தண்ணீருக்கு வேகம் கிடையாது. பின்வாசல் சுவரோரம் ஒரு பம்பும் அதனோடு ஒரு பிரஷர் டேங்கும் வைத்தோம். பம்ப் டேங்கிற்குள் தண்ணீரை அழுத்தி வைக்கும். குழாயைத் திறந்தால் முதலில் அந்தத் தண்ணீர் வரும். அது தீர்ந்த பிறகுதான் பம்ப் ஓடத் தொடங்கும். டேங்கின் மேல் கொட்டை எழுத்தில் 24 லிட்டர் என்று போட்டிருந்தது. என் மனைவி குளிக்க இரண்டு வாளித் தண்ணீர் போதும், அதாவது இருபது லிட்டர். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் குளிக்கப் போனால் பம்ப் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறையும் தண்ணீரின் வேகம் குறைந்து, வேகம் இருந்தால் மட்டுமே எரியும் ஹீட்டர் அணைந்தது.

"ஏங்க, மறுபடியும் பச்சத்தண்ணிங்க!"

முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் அவள். பச்சைத் தண்ணீர் பட்டால் கால் மரக்கட்டையாகிவிடும். பொறுத்துப் பார்த்துவிட்டு, "கீழ இருக்கற பாத்ரூம்ல வாளியில ஊத்திக்கறேன்" என்றாள். அவள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதே அந்தக் குளியலறையில்தான்.

"அங்க போகக் கூடாது" என்றேன்.

"அப்ப குளிக்காம இருக்கட்டுமா?"

பின்வாசலுக்குப் போனேன். பம்பை அணைத்துவிட்டு, டேங்கில் இருந்த தண்ணீரைக் கீழ்க்குழாயில் வாளி வைத்துப் பிடித்தேன். எட்டு லிட்டரோடு நின்றுவிட்டது. வாளிகூட நிறையவில்லை.

நேராக ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம்மவர்தான், நாற்பது வயதிருக்கும்.

"தம்பி, இருபத்து நாலுன்னு கொடுத்தீங்க. எட்டுதான் வருது. மிச்சம் எங்க?"

"உள்ள ரப்பர் பை இருக்கு அங்கிள், அதச் சுத்திக் காத்து. அந்தக் காத்துதான் தண்ணியத் தள்ளுது லா."

"அப்ப காத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினீங்களா?"

"சிப்ஸ் பாக்கெட் வாங்கறப்ப இப்படிக் கேப்பீங்களா அங்கிள்?" கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிப்ஸ் பாக்கெட்டில்கூட உள்ளே இருப்பதன் எடையைத்தான் போடுகிறார்கள். காற்று தேவையென்றால் இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தண்ணீருக்காக வாங்கும் பொருளில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று எழுதாமல், இரும்புக் கூட்டின் அளவை எழுதி விற்பது என்ன நியாயம்? அறுபது லிட்டர் டேங்கில் எத்தனை வரும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல அங்கிள். நூறு எடுத்துக்கங்க, தொல்லையே இல்ல."

நூறை வைத்தால் எங்கள் பின்வாசலில் ஆள் நடக்க முடியாது. இருபத்து நான்கில் எட்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதே கணக்கில் அறுபதில் இருபது வரவேண்டும். இரண்டு வாளி. அறுபதையே எடுத்தேன். பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அதற்கும் அங்கேயே கத்தினேன்.

புதியதைப் பூட்டிய மறுநாள் காலை அவள் மாடியில் குளிக்கப் போனாள். நான் பம்ப் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பம்ப் வாயே திறக்கவில்லை. அவள் குழாயை மூடும் நேரத்தில்தான், மீண்டும் நிரப்பிக்கொள்ள, உறுமிக்கொண்டு எழுந்தது.

மார்க்கர் பேனாவை எடுத்து வந்து, டேங்கின் மேலிருந்த அறுபதை அடித்துவிட்டு இருபது என்று எழுதினேன்.

"ஏங்க!" மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்ன, பச்சத்தண்ணியா?"

"இல்லங்க, கடைசி வரைக்கும் சூடுதான். அந்தக் கீழ் பாத்ரூமப் பூட்டிடுங்க."